சப்ளையருக்குப் படித்துக் காட்டிய டிக்கன்ஸ்

தை மாதக் கடைசியில் வலங்கைமான் சாலையில் வண்டியோடு விழுந்தேன். அறுவடை முடிந்து நெல்லைத் தார்ச்சாலையிலேயே காயப் போட்டிருந்தார்கள். பாதிச் சாலை நெல்லுக்கு, மீதி நமக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினேன், முன்சக்கரம் நெல்லில் ஏறியது, அவ்வளவுதான். வலது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. "நெல்லு மேல வண்டிய விட்டா அது சும்மா விடுமா?" என்றார் அப்பா. என் கையைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

கட்டுப் போட்ட நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தேன். ஞாயிறு காலையென்றால் கடப்பா இருக்கும். (வெளியூர்க்காரர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிச் செய்வது. ஆந்திராவுக்கும் தரைக்குப் போடும் கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தோசை வந்தது. இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு தோசையை எந்தப் பக்கம் குத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சப்ளையர் இரண்டு மேசை தள்ளி நின்றார், ஐம்பது வயது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டார், மேலே இரண்டு கரண்டி கடப்பாவை ஊற்றினார், "இப்ப ஸ்பூன்ல வரும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்கு இதை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. இரண்டாவது காபி குடிக்கும்போதுதான் பிடிபட்டது. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல். கை வெந்துபோன கதாநாயகன் பிப் ஒரு சின்ன விடுதியில் சாப்பிட உட்காருவான். கறியை வெட்ட முடியாது. தலை பளபளவென்று வழுக்கையான விடுதிக்காரரே வெட்டிக் கொடுப்பார். அந்த இடத்தை அப்புறம் சொல்கிறேன்.

1988இல் இங்கே காவிரிக் கரையில் இருக்கிற அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். 1854இல் தொடங்கிய கல்லூரி. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதற்கு ஒரு பட்டம் உண்டு. நாங்கள் படித்தது என்னவோ நோட்ஸ்தான். இந்த நாவலிலிருந்து பரீட்சைக்கு வருவது மூன்றே கேள்வி: கல்யாணம் நின்றுபோன பணக்காரி மிஸ் ஹாவிஷாம், பிப்பின் மன மாற்றம், தலைப்பின் பொருத்தம். ஹோட்டலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பத்து வருஷம் கழித்து முழுப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தபோதுதான் அதில் எத்தனை விடுதி, எத்தனை பணியாள் என்று கவனித்தேன். கவனிக்கத்தானே செய்வேன்? சப்ளையர் மகன் நான்.

அப்பாவுக்கு இப்போது எண்பது. 1957இல், பன்னிரண்டு வயதில், வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்கு வந்து ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுக்கச் சேர்ந்தார். அதே 1957இல்தான் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அப்பாவைக் கேட்டால், "அதெல்லாம் பேப்பர்ல வந்தது. எங்களுக்கு உள்ளாற வாளியத் தூக்கிட்டுப் போக இன்னும் எட்டு வருசம் ஆச்சு" என்பார். இலை எடுக்கலாம், மேசை துடைக்கலாம், சாம்பார் வாளியைத் தொடக் கூடாது. அப்புறம் முதலாளி மாறினார், காலமும் மாறியது, அப்பா சப்ளையர் ஆனார். எல்லாம் சேர்த்து 43 வருஷம். டிக்கன்ஸும் பன்னிரண்டு வயதில்தான், 1824இல், அவருடைய அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனபோது பூட்ஸ் பாலீஷ் தொழிற்சாலையில் டப்பாவுக்குக் காகிதம் ஒட்டினார். வாரம் ஆறேழு ஷில்லிங் சம்பளம். தட்டில் எவ்வளவு விழுகிறது, அதைப் போடுகிறவன் எப்படிப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவர் எழுத்தில் இவ்வளவு துல்லியமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, கை கட்டில் இருந்த ஆறு வாரமும் மாலையில் எனக்கு வேலையில்லை. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து நாவலைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். இடுகாட்டில் கைதி வந்து பையனைப் பிடிக்கிற இடத்தை நன்றாகக் கேட்டார். மிஸ் ஹாவிஷாம் வீட்டில் தூங்கிவிட்டார். அடுத்த நாள், "ஹோட்டல் வர்ற இடம் இருக்குன்னியே, அத மட்டும் சொல்லு" என்றார்.

முதல் விருந்து 'புளூ போர்' விடுதியில். பிப்பைக் கொல்லன் வேலைக்குப் பழகச் சேர்த்துவிடுகிறார்கள், மிஸ் ஹாவிஷாம் 25 கினி கொடுக்கிறாள். பிப்பை வளர்க்கும் அக்காவுக்குக் கையில் காசு வந்தால் நிற்குமா? ஊரையே கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போகிறாள். விருந்து யார் பேரால் நடக்கிறதோ அந்தப் பையனுக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறது. கண்ணை மூடும்போதெல்லாம் எழுப்பி எழுப்பி "சந்தோஷமா இருடா" என்கிறார்கள். நம் ஊர்க் காதுகுத்துப் பிள்ளைக்கு நடப்பதேதான். சர்ச்சில் குமாஸ்தாவாக இருக்கிற வாப்ஸல் என்பவர் ஒரு கவிதையை உச்சக் குரலில் ஒப்பித்துவிட, கீழே தங்கியிருக்கும் வியாபாரிகள் ஆள் அனுப்புகிறார்கள்: இது ஒன்றும் கழைக்கூத்தாடிகள் தங்குகிற சத்திரமில்லை என்று. அந்தச் சேதியோடு மேலே வருவது அங்கே வேலை பார்க்கும் பணியாள்.

பல வருஷம் கழித்து, பெயர் சொல்லாத ஒருவர் தயவில் பெரிய சொத்து வரப்போகிறது என்று லண்டன் போன பிப், கோட்டும் சூட்டுமாக அதே விடுதிக்கு வருகிறான். அதே ஆள்தான் நிற்கிறான். பிப் சாப்பாடு சொல்லி உட்கார்ந்த பிறகு அடையாளம் கண்டு, "பம்பிள்சூக் ஐயாவைக் கூட்டிவரச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்கிறான் பிப். உடனே அந்த ஆள் ஓர் அழுக்குச் செய்தித்தாளை அவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போகிறான். பிப்பை முதலில் தூக்கிவிட்டவர் பம்பிள்சூக்தான் என்று அதில் போட்டிருக்கிறது. பம்பிள்சூக் யாரென்றால் விதைக்கடைக்காரர். நம் ஊரில் விதைநெல், உரக்கடை வைத்துக்கொண்டு, கோயில் கமிட்டியிலும் இருந்துகொண்டு, "அவனை ஆளாக்கினதே நான்தான்" என்று ஹோட்டல் ஹோட்டலாகச் சொல்லித் திரிவாரே, அவரேதான்.

"மறந்திருப்பானா பின்ன?" என்றார் அப்பா. "சாப்பிட்டுப் போனவன மறந்துடுவோம். சத்தம் போட்ட டேபிள மறக்க மாட்டோம்."

லண்டனில் பிப்பின் முதல் இரவுச் சாப்பாடுதான் எனக்கு இந்த நாவலிலேயே மிகப் பிடித்த இடம். அறைத்தோழன் ஹெர்பர்ட்டின் அறைக்குப் பக்கத்துக் காபி கடையிலிருந்து சாப்பாடு வரவழைக்கிறார்கள். எடுப்புச் சாப்பாடு என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்பகோணத்தில் அடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வக்கீல் வீடு, லாட்ஜ் என்று அலைந்தவர் அவர். கொண்டுவந்த பணியாள் மூடிகளைத் தரையில் வைத்து அவனே தடுக்கி விழுகிறான். வெண்ணெய்க் குழம்பு சாய்வு நாற்காலியில், ரொட்டி புத்தக அலமாரியில், பாலாடைக்கட்டி கரி வைக்கும் கூடையில், வேகவைத்த கோழி பக்கத்து அறைப் படுக்கையில். இரவு பிப் படுக்கப் போனால் குழம்பு மெத்தையில் உறைந்து கிடக்கிறது.

"மேசை பத்தாது. அவன் என்ன பண்ணுவான்?" என்றார் அப்பா. "மாணவங்க ரூமுன்னா அப்படித்தான். நான் ரசத்த ஜன்னல் கட்டையில வச்சிருக்கேன்."

அந்தச் சாப்பாட்டின் நடுவேதான் ஹெர்பர்ட் மிஸ் ஹாவிஷாம் கதையைச் சொல்கிறான். சொல்லிக்கொண்டே, ஊடே ஊடே, மனம் நோகாமல் திருத்துகிறான். கத்தியை வாயில் வைப்பது லண்டனில் வழக்கமில்லை, ஏதாவது விபத்து ஆகிவிடக் கூடாது பார். முள்கரண்டியையும் தேவைக்கு மேல் உள்ளே விட வேண்டாம். திருத்தம் முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பிப்புக்கு வெட்கமே இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு வரி வைத்திருக்கிறார் டிக்கன்ஸ்: பணியாள் அங்கே நின்று தன்னைப் பார்க்காதிருந்த நேரங்களில்தான் தன் சந்தோஷம் குறையில்லாமல் இருந்தது என்கிறான் பிப். நண்பன் கத்தியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் கூச்சமில்லை, சாப்பாடு கொண்டுவந்தவன் பார்த்தால் கூச்சம்.

இந்த வரியை நான் அப்பாவிடம் சொல்லவா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன்.

"நாங்க எங்கடா ஆளப் பார்த்தோம்? இலையப் பார்ப்போம். எந்த இலையில சோறு கொறையுதுன்னு பார்ப்போம். மொகத்தப் பார்த்துக்கிட்டு நின்னா அடுத்த பந்தி எப்படி முடியும்?"

இதைவிட எனக்குப் புதிதாக இருந்தது அவர் தேநீர்க் காட்சிக்குச் சொன்ன விளக்கம். மிஸ் ஹாவிஷாமின் வளர்ப்பு மகள், பிப் காதலிக்கும் எஸ்டெல்லா லண்டன் வந்து இறங்குகிறாள், வண்டி ஆபீஸ் விடுதியில் தேநீர் கேட்கிறான் பிப். பணியாள் முதலில் ஒரு பொந்தைக் காட்டுகிறான். அதில் ஆளைச் சின்னதாகக் காட்டுகிற ஒரு கண்ணாடி, ஒரு நெத்திலிச் சாறு பாட்டில், யாரோ விட்டுப்போன கட்டைச் செருப்பு. வேண்டாம் என்றதும் முப்பது பேர் உட்காரும் மேசை போட்ட அறை. அப்புறம் சாமான் வர ஆரம்பிக்கிறது. தட்டு, கோப்பை, கத்தி, முள்கரண்டி, வகைவகையாய் ஸ்பூன், உப்புக் கிண்ணம், இரும்பு மூடி போட்டுக் காவல் வைத்த மாதிரி ஒரு சின்ன மஃபின், பைபிளில் நாணலுக்குள் கிடந்த மோசே குழந்தையைப் போலக் கீரைக்கு நடுவே ஒரு துண்டு வெண்ணெய், அடுப்புக் கம்பியின் கோடு பதிந்த ரொட்டித் துண்டு இரண்டு. ஏறக்குறைய ஐம்பது சாமான், தேநீர் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்துவிட்டு மறுபடி காணாமல் போகிறான். எவ்வளவோ நேரம் கழித்துக் குச்சி போன்ற எதையோ ஒரு பெட்டியில் கொண்டுவருகிறான்.

நான் இதை இத்தனை வருஷமாகக் கேலி என்றுதான் படித்திருந்தேன். கல்லூரியிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: ஆடம்பரத்தின் உள்ளீடற்ற தன்மை, எஸ்டெல்லாவின் உறவைப் போல, இப்படி ஏதாவது. அப்பா சிரிக்கவில்லை.

"உள்ள சரக்கு ரெடியாவல. தண்ணி கொதிச்சிருக்காது, இல்ல டீத்தூள் தீர்ந்து ஆள் ஓடியிருக்கும். கஸ்டமர் எழுந்து போயிடக் கூடாது. அதனால ஒண்ணொண்ணா கொண்டாந்து வைக்கிறான். நாங்களும் அதான் செய்வோம். இலையப் போடு. தண்ணி வை. உப்பு வை. ஊறுகாய வை. அப்பளம் ஒண்ணு வை. அதுக்குள்ள சாதம் வடிச்சிடுவான் மாஸ்டர்."

திரும்பப் போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன். அப்பா சொன்னதை வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பணியாள் கோமாளியாகத் தெரியவில்லை. அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பொழுதை ஓட்டுகிற ஆளாகத் தெரிகிறான். டிக்கன்ஸ் இதைத் தெரிந்து எழுதினாரோ தெரியாமலோ, கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை அவருடைய சொந்தப் பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர். இந்தக் காட்சியைப் படித்து அந்த வாரம் எத்தனை பேர் சிரித்தார்களோ, எத்தனை பணியாட்கள் சிரிக்காமல் இருந்தார்களோ.

ஃபின்ச்சுகள் என்ற சாப்பாட்டுக் கிளப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதிக விலைக்குச் சாப்பிட்டு, சாப்பிட்டபின் சண்டை போட்டு, ஆறு பணியாட்களை மாடிப்படியில் குடித்துக் கிடக்க வைப்பதுதான் அதன் நோக்கம் என்கிறான் பிப். "ஆறு பேருமா? கல்லாவுல யாரு இருந்தா?" என்றார் அப்பா. அதற்கு நாவலில் பதில் இல்லை.

அந்தத் தேநீருக்குப் பிறகு பில் கொடுக்கிறார்கள், எஸ்டெல்லா பணத்தில்தான். பணியாளுக்குக் கொஞ்சம், குதிரைக்காரனுக்குக் கொஞ்சம், அறைப் பெண்ணுக்குக் கொஞ்சம். இத்தனை பேருக்கும் லஞ்சம் கொடுத்து எல்லாருடைய வெறுப்பையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம் என்கிறான் பிப். டிப்ஸ் பற்றி இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். காரணம் இருக்கிறது.

1993இல் எனக்கு இங்கேயே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு வருஷம் மேலதிகாரி ஒருவரும் நாங்கள் மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். எந்த ஹோட்டல் என்று அவர்தான் முடிவு செய்தார். உள்ளே நுழைந்ததும் நான் முந்திப் போய் ஜன்னல் ஓரத்து மேசையைக் காட்டினேன். அந்த வரிசை அப்பாவுடையது அல்ல. எந்த வரிசை யாருடையது என்று எனக்குத்தான் தெரியுமே, பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே பின்கட்டில் உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் எழுதினேன். ஆனால் அந்த வரிசை சப்ளையர் அன்றைக்கு லீவு. அப்பா வாளியோடு வந்தார். நான்கு இலைக்கும் ஒரே மாதிரி சாம்பார் ஊற்றினார். எனக்கு ரசம் கலங்கலாக வேண்டாம், தெளிவாகத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்காமலே மேலாக மொண்டு ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் இலையை விட்டு நிமிரவில்லை. மேலதிகாரி போகும்போது சோம்புத் தட்டில் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தார். 'சார், இவர் எங்க அப்பா' என்று சொல்ல அதிகபட்சம் இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

ராத்திரி அப்பா வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்த நாணயத்தைச் சாமி மாடத்தில் வைத்தார். "ஒங்க சாருக்குக் கை தாராளம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். இவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பிறகு நாங்கள் இதைப் பேசியதே இல்லை.

எல்லாம் போனபின் பிப் புளூ போருக்குத் திரும்பி வருகிற காட்சிக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சொத்து வரும்போது வெதுவெதுப்பாக இருந்த விடுதி, சொத்து போனதும் ஜில்லென்று ஆகிவிடுகிறது. வழக்கமான அறை இல்லை. முற்றத்துக் கோடியில் புறாக்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஒரு மட்டமான அறை. மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தால் பம்பிள்சூக் நிற்கிறார். "வில்லியம், ஒரு மஃபின் வை. இந்த நிலைமைக்கா வந்தது! வில்லியம், உப்பை வை. நல்ல காலத்தில் நீ சர்க்கரை போட்டுக்கொள்வாய், இல்லையா? பாலும்தானே? வில்லியம், கீரை கொண்டு வா." கீரை சாப்பிடுவதில்லை என்கிறான் பிப். கீரை சாப்பிடாததால்தான் இப்படி ஆனான் என்பது போலப் பெருமூச்சு விடுகிறார் அவர். அப்பா இரண்டு நாள் வரைக்கும் காபி வந்தால், "நல்ல காலத்துல நீ சர்க்கரை போட்டுக்குவ, இல்ல?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின நாள்தான் அந்தச் சின்ன விடுதிக் காட்சியைச் சொன்னேன். மிஸ் ஹாவிஷாமைத் தீயிலிருந்து காப்பாற்றப் போய்ப் பிப்பின் கை வெந்திருக்கிறது. புளூ போருக்குப் போனால் ஆள் தெரிந்துவிடும் என்று வேறு விடுதிக்குப் போகிறான். முதலாளி கறியை வெட்டிக் கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறார். இந்த ஊரில் ஒரு பையன் இருந்தான் தெரியுமா, பம்பிள்சூக் ஆளாக்கிவிட்டார், இப்போது அவரையே மதிப்பதில்லை என்று. எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்தப் பையன்தான் என்று அவருக்குத் தெரியாது. தன்னை ஆளாக்கியவர் ஜோ என்பது பிப்புக்குத் தெரியும். அக்காள் புருஷன், கொல்லன். அவர் லண்டனுக்குப் பார்க்க வந்தபோது, காசு கொடுத்து நிறுத்த முடியுமென்றால் கொடுத்தாவது நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தவன் இவன். பம்பிள்சூக் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறான், ஜோ ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் பிப்புக்கு உறைக்கிறது.

இந்த இடத்தைச் சொல்லும்போது நான் அப்பாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. தெருவில் பால்காரர் வண்டி போயிற்று.

"அந்தப் பையன் சாப்பிட்டானா இல்லியா?" என்று கேட்டார்.

சாப்பிடவில்லை என்றேன். இன்னும் மெதுவான துண்டாகப் பார்த்துத் தரட்டுமா என்று முதலாளி கேட்கிறார். போதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

"அடப் பாவி" என்றார் அப்பா. "வெட்டிக் குடுத்துட்டு நிக்கிறவன், கறி வேகலியோன்னுல்ல நெனச்சிருப்பான்?"